சைக்காலஜி: பட்டத்துக்குப் பிறகுதான் படிப்பு

மேசைமேல் ஒரு மரப்பலகை. அதில் பத்துக் குழிகள்: வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகள் மூன்று அடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. எதிரே ஏழு வயதுப் பையன். பக்கத்தில் முந்தானையை விரலில் சுற்றியபடி அவன் அம்மா. உளவியலாளர் கையில் ஸ்டாப்வாட்ச். "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போடு கண்ணா" என்கிறார். பையன் நட்சத்திரத்தை எடுத்துச் சிலுவைக் குழியில் திணிக்கிறான். அம்மாவின் கை தானாக நீள்கிறது. உளவியலாளர் தலையசைத்துத் தடுக்கிறார். இப்படி மூன்று முறை. மூன்றில் எது குறைந்த நேரமோ அதுவே கணக்கு.

செகுவின் ஃபார்ம் போர்டு என்று இதற்குப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனை நம்மூர் மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அறையில் நடக்கும் கடினமான வேலை பலகையில் இல்லை. அதன்பிறகு அம்மாவிடம் கேட்கிற கேள்விகளில் இருக்கிறது. தானே சாப்பிடுவானா? சட்டைப் பொத்தான் போடுவானா? தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கி வருவானா? வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்ற இந்தக் கேள்வித் தொகுப்பை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி திருத்தித் தந்தவர் மாலின்.

"எல்லாம் அவனே செஞ்சுக்குவான் மேடம்" என்பார்கள் சில தாய்மார்கள். பெற்ற பிள்ளையைக் குறைத்துச் சொல்ல வாய் வராது. சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் "ஒண்ணுமே தெரியாதுங்க" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு பதிலையும் அப்படியே எழுதிக்கொள்கிறவர் உளவியலாளர் இல்லை. "காலையில தட்டுல இட்லி வச்சா என்ன பண்ணுவான், சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்து, பிட்டுக் கொடுப்பது யார், சட்னியில் தொடுவது யார், வாயில் வைப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்த வீட்டின் காலை நேரத்தையே கண்முன் கொண்டுவந்த பிறகுதான் அவர் மதிப்பெண் போட வேண்டும். மாற்றுத்திறனை அளவிட மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி இந்த அளவுகோலில் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதக் குறைபாடு. 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம். சட்டப்படியான பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அதாவது 69க்கும் 70க்கும் இடையிலுள்ள ஒரு புள்ளியில், ஒரு குடும்பத்தின் மாத உதவித்தொகை நிற்கிறது.

சைக்காலஜி படிக்க ஆசைப்படும் பிள்ளைகளை முதலில் இப்படியோர் அறையில் ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் அவர்களில் பலர் மனதில் இருக்கும் படம் வேறு. மெத்தென்ற சோபா, மெல்லிய வெளிச்சம், கண் கலங்கிப் பேசும் ஒருவர், தலையாட்டிக் கேட்கும் இன்னொருவர். "நான் நல்லா கேட்பேன், ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் என்கிட்டதான் சொல்லி அழுவாங்க, அதனால சைக்காலஜி எடுக்கலாம்னு இருக்கேன்." இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகள் சொல்லும் காரணங்களில் அதிகம் கேட்பது இதுதான். நல்ல காரணம்தான். அது போதாது.

கேட்க ஆள் இல்லாத நாடு

கொரோனாவுக்குப் பிறகு இந்தப் படிப்பின்மேல் ஆர்வம் கூடியிருக்கிறது. பொறியியல் குடும்பங்களில்கூட பிள்ளைகள் பி.எஸ்சி. சைக்காலஜி கேட்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம் என்பது இதன் வசதி. அதுவே சிக்கலும்கூட, அதைப் பிறகு சொல்கிறேன்.

தேவை இருக்கிறதா என்றால், மலையளவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 10.6 சதவீதம் பேருக்கு, அப்போது ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம் நோய்க்கு நோய் மாறினாலும் பெரும்பாலான கோளாறுகளில் எழுபது சதவீதத்தைத் தாண்டியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டு நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் இருப்பதாகப் பெருமைப்படும் மாநிலத்துக்கு இது பெரிய துயரம்.

இவ்வளவு பேரைப் பார்க்க, பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்கூட இல்லை. இருப்பவர்களும் சென்னை, கோவை, மதுரை என்று நகரங்களில்தான். சிவகங்கைக்கோ தர்மபுரிக்கோ உள்ளே பத்து கிலோமீட்டர் போனால், பதற்றத்தால் தூக்கம் போன ஒரு பெண் முதலில் போவது பூசாரியிடம். அடுத்து நெஞ்சு படபடப்புக்கு ஈ.சி.ஜி. எடுக்க. உளவியலாளர் என்று ஒருவர் இருப்பதே அவள் காதில் விழுந்திருக்காது.

ஒருபக்கம் ஆயிரக்கணக்கில் பட்டம் வாங்குகிறார்கள். மறுபக்கம் ஆளே இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? பதில் எளிது. பட்டம் கொடுக்கும் இடங்கள் பெருகிவிட்டன. பயிற்சி கொடுக்கும் இடங்கள் பெருகவில்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்த, நிஜ மனிதர்களோடு உட்கார்ந்து வேலை கற்கும் வாய்ப்புதான் இந்தத் துறையின் குறுகிய கழுத்து. நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கரையில் நிற்கிறவர்களாகத்தான் பெரும்பாலான பட்டதாரிகளை வெளியே அனுப்புகிறோம்.

ஏழு வருடக் கணக்கு

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வருஷம், என்ன வேலை?" என்பது. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். நியாயமான கேள்வி. ஆனால் விடை ஒரு வரியில் இல்லை.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். சோதனைகள் செய்வார், நோயை மதிப்பிடுவார், பேச்சு வழியான சிகிச்சை தருவார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லலாம் என்பதை வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். அல்லது உளவியலில் முதுகலையோடு, நோயாளிகளிடம் மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும் அடங்கிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும். இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, எம்.ஃபில். இரண்டு. ஆக ஏழு. எம்.பி.பி.எஸ்.ஸைவிட நீளம்.

அந்தக் கடைசி இரண்டு வருடத்துக்கான இடங்கள்தான் மிகக் குறைவு. நிம்ஹான்ஸ், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டி விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எடுத்துவந்தார்கள். முதல் முயற்சியில் கிடைக்காமல் இரண்டு, மூன்று வருடம் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் சாதாரணம். அந்த இடைவெளியில் சிறப்புப் பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள். அங்கே கற்றது பிறகு கைகொடுக்கும் என்பதால் அந்த வருடங்கள் வீண் இல்லை. ஆனால் வாடகையும் கொடுக்க வேண்டுமே. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கழன்று போகிறார்கள். நாட்டுக்கு மிகத் தேவையானவர்களும் அவர்கள்தான்.

இப்போது இந்த ஏணியே மாறிக்கொண்டிருக்கிறது. மற்றத் துறைகளில் எம்.ஃபில்.லை நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. அதற்கு மாற்றாக மறுவாழ்வு கவுன்சில் மருத்துவ உளவியலிலேயே நான்காண்டு இளங்கலை, முதுகலை, சை.டி. என்று புதிய படிப்புகளைக் கொண்டுவருகிறது. எனவே அக்கா படித்த வழியிலேயே தம்பியும் போகலாம் என்று இந்தத் துறையில் நம்பக் கூடாது. சேரும் வருடத்தில் எந்தக் கல்லூரிக்கு, எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதை மறுவாழ்வு கவுன்சிலின் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

இன்னொரு மாற்றம் பலரையும் பாதித்தது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ, சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. நோயாளியைப் பார்க்காமல் தபாலில் படித்து ஒருவர் ஆலோசகர் ஆகக் கூடாது என்ற நியாயம் எனக்கும் ஏற்புடையதே. ஆனால் இத்தனை வருடம் அந்த வழியாக வந்தவர்கள் யார் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. பள்ளி ஆசிரியைகள், செவிலியர்கள், ஆட்டிசக் குழந்தையை வளர்த்துக்கொண்டே நாற்பது வயதில் புத்தகம் எடுத்த அம்மாக்கள். வாழ்க்கையைப் பார்த்தவர்கள். வாசலை அடைத்த அரசு அவர்களுக்காக மாலை நேரக் கல்லூரிகளைத் திறந்து, பக்கத்து மருத்துவமனையில் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். இனியாவது செய்ய வேண்டும்.

வகுப்பறையில் என்ன இருக்கிறது

எந்த குரூப்பும் சேரலாம் என்பது சிக்கலும்கூட என்றேன். காமர்ஸ் படித்துவிட்டு, கணக்கே வேண்டாம் என்று ஓடிவந்த பிள்ளையின் கையில் புள்ளியியல் பாடத்தைக் கொடுப்பார்கள். திட்ட விலக்கம், டி-டெஸ்ட், அனோவா. மூளையின் பகுதிகள், நரம்புச் செய்தி கடத்திகள் என்று உயிரியலும் வரும். முதல் செமஸ்டரிலேயே "ஃபிராய்ட் சொல்லித் தருவாங்கன்னு வந்தேன், நியூரான் படம் வரையச் சொல்றாங்க" என்ற புலம்பல் கேட்கும். புள்ளியியல் தேவையில்லாத சடங்கு இல்லை. ஐ.க்யூ. 70 என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது தெரியாதவர், அந்தப் பையனின் சான்றிதழில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆய்வுக்கூடம் இனிமையானது. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். கை எதிர்த்திசையில் போகும், வகுப்பே சிரிக்கும். முல்லர்-லயர் பலகையில் சம நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும். தன் கண்ணையே நம்ப முடியாது என்று பதினெட்டு வயதில் ஒரு பிள்ளைக்குப் புரிவது பெரிய கல்வி. எதிரே இருப்பவர் சொல்வதைத் தான் கேட்டது சரியா என்று சந்தேகப்படும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943இல் தொடங்கியது. நாட்டில் முதலாவது கல்கத்தாவில் 1916இல். நூறு வருடத்தைத் தாண்டிய பிறகும் நம் பாடப்புத்தகங்களில் உள்ள ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்தவை. கூட்டுக் குடும்பம், சாதி, மாமியார் வீடு, பத்தாம் வகுப்பு மதிப்பெண், நீட், வட்டிக்கு வாங்கிய கடன் என்று நம் மக்களை வாட்டுகிற எதற்கும் அதில் தனி அத்தியாயம் இல்லை. ஆணவக் கொலைக்குப் பயந்து ஓடிவந்த ஜோடியின் பதற்றத்தை எந்த அளவுகோலால் அளப்பது? இதையெல்லாம் ஆராய்ச்சியாக எழுத ஆட்கள் வேண்டும். சிகிச்சை அறையே பிடிக்காத, ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த மாணவருக்கு இந்தத் துறையில் பெரிய இடம் காலியாக இருக்கிறது.

இன்னொன்றையும் பேச வேண்டும். சைக்காலஜிக்கு வருகிறவர்களில் கணிசமானோர் தங்கள் சொந்த வலியைப் புரிந்துகொள்ள வருகிறார்கள். குடிகார அப்பா, பேசாத அம்மா, பள்ளியில் பட்ட அவமானம். இது தகுதிக் குறைவு இல்லை. பலருக்கு இதுவே உந்துசக்தி. ஆனால் வகுப்பறை சிகிச்சை ஆகாது. மனச்சோர்வு பற்றிய பாடத்தைப் படிக்கும்போது தன் வீடே தெரிகிறது என்றால், அந்த மாணவருக்குத் தேவை அடுத்த அத்தியாயம் இல்லை. அவர் சொல்வதைக் கேட்க ஒரு நல்ல ஆலோசகர். தன் காயத்தைக் கவனிக்காமல் பிறர் காயத்தைத் தொடுகிறவர் இரண்டு பேருக்கும் தீங்கு செய்வார்.

பதினேழு வயதுப் பெண் சொல்லும் ரகசியம்

மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான சுகதேவ் சாஹா வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியான ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். இது நடைமுறைக்கு வந்தால் தமிழ்நாட்டில் மட்டுமே பெரும் எண்ணிக்கையில் வேலைகள் பிறக்கும். பள்ளி ஆலோசகர் வேலை அழகான வேலை. ஆனால் எளிய வேலை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கே காத்திருப்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் பதினேழு வயதுப் பெண் வருகிறாள். மார்க் குறைகிறது என்று ஆசிரியர் அனுப்பிவைத்திருக்கிறார். மூன்றாவது சந்திப்பில் பேச்சு திறக்கிறது. ஒரு பையனை விரும்புகிறாள், எல்லை கடந்துவிட்டார்கள். "வீட்டுக்குச் சொல்லிடாதீங்க மிஸ், உங்களை நம்பித்தான் சொன்னேன்" என்கிறாள். பாடப்புத்தகம், ரகசியம் காப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் அறம் என்கிறது. போக்சோ சட்டமோ பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதம் என்ற ஒன்றையே ஏற்பதில்லை. தகவல் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19ஆவது பிரிவு. சொல்லாவிட்டால் தண்டனை உண்டு என்கிறது 21ஆவது பிரிவு. சொன்னால், அதே வயதுப் பையன் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிற்கலாம். பெண்ணின் படிப்பை வீட்டில் நிறுத்தலாம். அதைவிட மோசமாகவும் நடக்கலாம். சொல்லாவிட்டால், அது காதல் அல்ல, மிரட்டல் என்று நாளைக்குத் தெரிந்தால்?

இதற்குப் பயிற்சி பெற்றவர் மூன்றாவது சந்திப்புவரை காத்திருக்க மாட்டார். முதல் நாள், முதல் ஐந்து நிமிடத்திலேயே, "நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, உன்னை யாராவது தொந்தரவு பண்ணாலோ, சட்டப்படி நான் சொல்லியாகணும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவார். பிறகு என்ன வந்தாலும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டார். தனியாக முடிவெடுக்கவும் மாட்டார். தன் மேற்பார்வையாளரை அழைப்பார். ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழோடு "லைஃப் கோச்" என்று அறைக்குள் உட்காருகிறவருக்கு அழைக்க யார் இருக்கிறார்கள்? நம் பிள்ளைகளை நினைத்து நான் பயப்படுவது இங்கேதான். மருத்துவ உளவியலாளரைத் தவிர மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021 சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தப் பதிவேடு முழு வலுவோடு இயங்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் தகுதியில்லாத கைகளில் பிள்ளைகள் சிக்குகிறார்கள்.

வேறு கதவுகள்

சிகிச்சை மட்டுமே உளவியல் இல்லை. விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு நினைவாற்றலும் கவனமும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று சோதித்து, வேலைக்குத் திரும்ப வழி சொல்பவர் நரம்பு உளவியலாளர். இருசக்கர வாகன விபத்துகள் இவ்வளவு நடக்கும் தமிழ்நாட்டில் அவர்கள் மிகக் குறைவு. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலில் 60 சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் 15 நொடிக்குள் மனதில் பட்டதை எழுத வேண்டும். அந்தத் தாள்களைப் படித்து ஆளை எடைபோடுபவர் உளவியலாளர். கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதுச் சிறார்களின் மனமுதிர்ச்சியை மதிப்பிட, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் உளவியலாளர்களின் உதவியைக் குறிப்பிடுகிறது. தடய அறிவியல் பக்கம் போகிறவர்கள், உண்மை கண்டறியும் சோதனைகளைச் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை முதலில் படிக்க வேண்டும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் உலக சதுரங்க சாம்பியன் ஆனபோது, அவரோடு வேலை செய்தவர்களில் மனப்பயிற்சியாளர் பேடி அப்டனும் ஒருவர். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடும் இருந்தவர். அதற்குப் பிறகு விளையாட்டு உளவியல் பற்றிய விசாரிப்பு கூடியிருக்கலாம். ஆனால் அதில் முழுநேர வேலைகள் இங்கே இன்னும் சொற்பம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிறுவனங்களின் மனிதவளத் துறை, பயனர் ஆய்வு ஆகியவற்றில் சம்பளம் நன்றாகவே இருக்கிறது. எம்.எஸ்சி.யோடு நிற்க விரும்புகிறவர்களுக்கு அது கௌரவமான வழி. மருத்துவ உளவியல் கிடைக்காததால் இங்கே வந்தேன் என்று யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

அரசு ஊழியராக ஓர் உளவியலாளர்

என் மனம் மறுபடி மறுபடி போவது அரசு வேலைகளின் பக்கம்தான். காரணம் வரலாறு. "கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவாங்க" என்று நாம் சினிமாவில் கேட்டுச் சிரித்த இடம், 1794இல் தொடங்கி இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக மக்களைப் பார்த்துவரும் மனநல மருத்துவமனை. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிக்குப் பூட்டிய அறை அல்ல, குடும்பமும் வேலையும் மறுவாழ்வும் தேவை என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர். 1984இல் அவர் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப், 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, 1993இல் தெருவில் கைவிடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன் எல்லாம் இந்த மண்ணில் எழுந்தவை. அதே மண்ணில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் நான்கே நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று திருச்சி. திட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒரு குழு. அதில் மனநல மருத்துவரோடு மருத்துவ உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்க வேண்டும். ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே பின்னாளில் அரசின் மனநல கிளினிக் வந்தது. துவா கேட்டு வருகிறவரை யாரும் தடுப்பதில்லை. மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நம்பிக்கையைப் பழிக்காமல் சிகிச்சையைப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது என்ற இந்தப் பண்பு பட்டணத்து கிளினிக்கில் கைவராது. ராமநாதபுரத்துத் தமிழ் பேசி, அந்த ஊர் சாமியையும் தர்காவையும் அறிந்து வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாக வரும். அந்தப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

அவர்கள் வந்தால் வேலை நிரந்தரமாக இருக்கிறதா? பெரும்பாலும் ஒப்பந்தம்தான். 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 14416 எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் அரசின் தொலைபேசிச் சேவை, மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிய 'மனம்' மன்றங்கள், நீட் எழுதிய மாணவர்களைத் தேடி அழைத்துப் பேசியது எல்லாம் பாராட்ட வேண்டிய முயற்சிகள். நடு இரவில் சாகத் துணிந்து அழைக்கும் ஒருவரோடு முக்கால் மணி நேரம் பேசி, விடியும்வரை தாக்குப்பிடிக்கவைக்கும் ஊழியருக்கு அடுத்த வருடம் தன் வேலை இருக்குமா என்ற கவலை இருக்கக் கூடாது. அரசுப் பள்ளிகளிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் நிரந்தரப் பணியிடம் உருவாக்கி, தேர்வு வைத்து எடுத்தால் ஏழு வருடம் படிக்க ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் துணிச்சல் வரும்.

சேரும் முன்

சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளிலேயே சைக்காலஜி இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் முதுகலை இருக்கிறது. லட்சங்களைக் கொட்டித் தனியார் நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. எங்கே சேர்ந்தாலும் துறைத் தலைவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். பாடம் நடத்துகிறவர்களில் நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? எந்த மருத்துவமனைக்கு, எந்த சிறப்புப் பள்ளிக்கு, எத்தனை வாரம் அனுப்புகிறீர்கள்? அங்கே எங்கள் பிள்ளை ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாரா, கேஸ் ஹிஸ்டரி எழுதித் திருத்தம் வாங்குவாரா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? வழவழப்பான விளம்பரத் தாளைக் காட்டிச் சமாளித்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

நூறு மாணவருக்கு மேல் படிக்கும் கல்லூரி என்றால், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அங்கே ஓர் ஆலோசகர் இருந்தாக வேண்டும். அவர் அறை எங்கே என்று விசாரியுங்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே போய், பிள்ளையும் நீங்களுமாக அவரிடம் பத்து நிமிடம் இந்த வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள்.